தொலைந்த புல எண்ணும் சர்வர் பாடமும்

எங்கள் மனு திரும்பி வந்த நாள் நன்றாக நினைவில் இருக்கிறது. பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரக் கேட்டு, காலனிக் குடும்பங்கள் சேர்ந்து கொடுத்த மனு அது. அ-பதிவேடு, சிட்டா, பழைய அடங்கல் நகல் என்று பல மாதம் அலைந்து திரட்டிய விவரங்களை அட்டவணையாகக் கணினியில் ஏற்றியிருந்தோம். திரும்பி வந்த மனுவின் ஓரத்தில் ஒரே வரி இருந்தது: குறிப்பிட்ட புல எண் மேற்படி கிராமக் கணக்கில் இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தவறு அலுவலகத்தின் பக்கம்தான் என்று சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். கிளம்பும் முன் நம் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இரவுப் பள்ளியில் இருந்த கணினியைத் திறந்தோம். 'நிலப்பட்டியல்', 'நிலப்பட்டியல் புதியது', 'நிலப்பட்டியல் கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி' என்று ஐந்து கோப்புகள் கிடந்தன. ஒன்றில் புல எண் சரியாக இருந்தது. இன்னொன்றில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. மூன்றாவதில் ஒரு பாட்டியின் குடும்பத்தையே காணோம். எந்தக் கோப்பை அச்செடுத்து மனுவோடு இணைத்தோம்? யார், எந்த நாளில், எதைத் திருத்தினார்கள்? யாராலும் சொல்ல முடியவில்லை. திருத்தியவர்கள் நாலு பேர். நாலு பேருமே நல்லது செய்வதாக நினைத்துத்தான் திருத்தியிருந்தார்கள்.

நான் தமிழில் முதுகலை படித்தவள். பாடபேதம் பார்ப்பது எங்களுக்குப் பாடத்திலேயே உண்டு. ஒரு சுவடியில் ஒரு சொல்லும் இன்னொரு சுவடியில் வேறொரு சொல்லும் இருந்தால், எது மூலம், எது ஏடு எழுதியவரின் கைப்பிழை என்று ஒப்பிட்டு முடிவு செய்வோம். பல நூற்றாண்டுப் பழைய நூலுக்குப் பாடபேதம் பார்க்கத் தெரிந்த எனக்கு, மூன்று மாதக் கோப்புக்குப் பார்க்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அப்போது பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார் எங்கள் காலனித் தம்பி ஒருவர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில் சர்வர் பராமரிப்பு வேலை பார்ப்பவர். திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, இதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. கிட்னு பேரு. காசு கிடையாது. நாங்க தெனமும் அதுலதான் வேலை பாக்குறோம்."

அந்த மாலை தொடங்கிய பாடத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரி என்று படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது வேலைக்கு வழியாகும். சங்கம், மனு, போராட்டம் என்று ஓடுகிற என்னைப் போன்றவர்களுக்கு ஆவணத்தைக் காக்கும் வழியாகும்.

திருத்தத்துக்கு ஒரு பதிவேடு

ஒரு கோப்பில் யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார்கள் என்பதை வரிசையாகப் பதிந்து வைக்கும் ஏற்பாட்டுக்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று பெயர். இன்று உலகம் முழுவதும் அதற்குப் பெரிதும் பயன்படும் மென்பொருள் கிட். இதை உருவாக்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது லினக்ஸைத் தொடங்கியவரும் இவர்தான்.

கிட் பிறந்த கதை நமக்குப் பழக்கமான கதை. லினக்ஸை எழுதியவர்களில் பலர், பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவச அனுமதியில் பயன்படுத்தி வந்தார்கள். 2005-ல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அடுத்தவர் தயவில் கிடைத்தது ஒரு நாள் போகும் என்பது நமக்குத் தெரியாததா? டோர்வால்ட்ஸ் அந்த ஆண்டு ஏப்ரலில் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட்டின் வரலாற்றைக் கிட்டே பதிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. ஜூலையில் அதன் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அது எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் பொதுச்சொத்து.

வேலை முறை எளிது. ஒரு கோப்புறையில் கிட்டைத் தொடங்குகிறோம். கோப்பைத் திருத்துகிறோம். 'இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்' என்று சொல்லி, ஒரு வரிக் குறிப்போடு பதிகிறோம். அதற்குக் கமிட் என்று பெயர். ஒவ்வொரு கமிட்டிலும் நாம் கொடுத்த பெயர், நாள், நேரம், குறிப்பு எல்லாம் இருக்கும். கூடவே நாற்பது எழுத்துள்ள ஓர் அடையாளக் குறியும் இருக்கும். அந்தக் குறி, கோப்பின் உள்ளடக்கத்தையும் முந்தைய கமிட்டின் குறியையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. நடுவில் பழைய பதிவு ஒன்றை யாராவது மாற்றினால் அதற்குப் பிந்தைய எல்லாக் குறிகளும் மாறிப் போகும். பழைய பத்திரத்தின் நடுப்பக்கத்தை உருவிவிட்டு வேறு பக்கத்தைச் செருகும் வேலை இங்கே ஒளிந்து நடக்காது.

இரண்டு பேர் ஒரே வரியை வெவ்வேறு விதமாகத் திருத்தியிருந்தால், கிட் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. இரண்டையும் முன்னால் வைத்து, 'எது சரி, நீங்களே சொல்லுங்கள்' என்று நிற்கும். எங்கள் பாட்டியின் குடும்பம் காணாமல் போனது இந்த இடத்தில்தான். கிட் இருந்திருந்தால் அந்த வரி அழிந்த அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

தம்பி முதலில் செய்தது, எங்கள் அட்டவணையைக் காற்புள்ளி இட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றியது. எழுத்துக் கோப்பு என்றால் எந்த வரியில் என்ன மாறியது என்று கிட் காட்டும். எக்செல் கோப்பை அப்படியே போட்டால் 'மாறியிருக்கிறது' என்று மட்டும் சொல்லும். எங்கே என்று சொல்லாது. இது சின்ன விஷயம்தான். ஆனால் தெரியாவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

ஏரியும் சர்வரும்

பட்டியல் ஒரே கணினியில் இருந்தால் அந்தக் கணினி கெட்ட அன்று எல்லாம் போய்விடும். நாலு பேரும் அவரவர் இடத்திலிருந்து வேலை செய்யவும் பொதுவான ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் சர்வர். நிறுத்தாமல் ஓடிக்கொண்டு, மற்றக் கணினிகள் கேட்பதைக் கொடுக்கும் கணினி என்று சொல்லலாம். பேருந்து முன்பதிவு, தேர்வு முடிவு, வங்கிப் பணம் எல்லாவற்றுக்கும் பின்னால் அப்படிப்பட்ட கணினிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பல லினக்ஸில் ஓடுகின்றன.

சர்வரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டதற்குத் தம்பி சொன்ன பதிலை மறக்க முடியாது. அவருடைய அப்பா எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர்.

"எங்கப்பா மழைக்காலத்துல ராத்திரி டார்ச்சு எடுத்துக்கினு கரையைச் சுத்தி வருவாரு இல்லக்கா, அதையேதான் நான் ஸ்க்ரீன்ல பண்றேன்."

அந்த ஒப்புமையை வைத்தே அவர் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதைப் போல, வட்டில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு 'டிஎஃப்' என்று ஒரு கட்டளை. சர்வரில் நடக்கும் ஒவ்வொன்றையும் குறித்துவைக்கும் லாக் கோப்புகள் வண்டல் மாதிரி. பிரச்சினை வந்தால் காரணத்தை அதில்தான் தேட வேண்டும். ஆனால் தூர் வாராமல் விட்டால் அதுவே இடத்தை அடைத்துவிடும், சர்வர் நின்றுபோகும். பழைய லாக்கைச் சுருக்கி, மிகப் பழையதை நீக்கத் தனி ஏற்பாடு உண்டு.

மதகுகளும் உண்டு. அவற்றைப் போர்ட் என்பார்கள். தொலைவிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் வழக்கமாக 22-ஆம் எண்ணில், இணையதளம் 80, 443 எண்களில். தேவையான மதகை மட்டும் திறந்து மற்றதை மூடிவைப்பதற்குத்தான் ஃபயர்வால். மதகுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று அனுமதி உண்டு. எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' கணக்கில் அன்றாட வேலை செய்யக் கூடாது. கரையில் விரிசல் கண்டால் அன்றே அடைப்பதைப் போல, பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது.

இதைப் படிக்கும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காவல் காப்பது நம் பரம்பரை வேலை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சுதான் நம் காலில் கட்டிய கல். அப்பாவுக்கு அந்த வேலை பிறப்பால் விழுந்தது. அவர் காத்த தண்ணீர் பாய்ந்த வயலில் அவருக்குப் பங்கு இல்லை. கூலி என்பது அறுவடையில் அளந்து போட்ட நெல். மகன் இதை விரும்பிக் கற்றார். மாதச் சம்பளம் வாங்குகிறார். பிடிக்காவிட்டால் நாளைக்கே வேறு வேலைக்குப் போகலாம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒப்புமையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நமக்கு எதிராகத் திரும்பும்.

கணினித் துறையிலும் நெடுங்காலம் ஒரு மேல்-கீழ் இருந்தது. நிரல் எழுதுபவர் ஒரு பக்கம், அதைச் சர்வரில் ஏற்றி ஓட்டுபவர் இன்னொரு பக்கம். பழுது வந்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். எழுதுபவரும் இயக்குபவரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 2009-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பாட்ரிக் டெபோய் ஒரு மாநாடு கூட்டினார். டெவ்ஆப்ஸ் என்ற பெயர் அங்கிருந்து பரவியது. இன்று வேலை விளம்பரங்களில் அந்தச் சொல்லைப் பார்த்து நம் பிள்ளைகள் மிரளுகிறார்கள். அதன் அடித்தளம் இந்த இரண்டும்தான்: லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரிவது, கிட் தெரிவது. மற்றக் கருவிகள் எல்லாம் இவற்றின் மேல் கட்டப்படுபவை.

ஒரு நொடியில் போன 300 ஜிபி

பெரிய நிறுவனத்தில் தவறு நடக்காது என்று நினைக்க வேண்டாம். உலகெங்கும் உள்ளவர்களின் நிரல்களைக் காத்துவைப்பதே கிட்லேப் நிறுவனத்தின் தொழில். 2017 ஜனவரி 31 அன்று இரவு அங்கே ஒரு பொறியாளர் தரவுத்தளச் சிக்கல் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டாவது சர்வரில் இருந்த ஒரு கோப்புறையை அழிக்க நினைத்தவர், முதன்மைச் சர்வரில் அந்தக் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி.

காப்பு நகல் இருக்கிறதே என்று தேடினார்கள். அங்கேதான் உண்மையான அதிர்ச்சி. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, நகல் எடுக்கும் கருவியோ 9.2. பொருந்தாததால் நகல் எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. நகல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. சேவை ஏறக்குறைய 18 மணி நேரம் நின்றது. நடுவில் இருந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. பயனர்களின் கிட் களஞ்சியங்கள் மட்டும் பாதிக்கப்படவில்லை. அவை அந்தத் தரவுத்தளத்தில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். நடந்தது முழுவதையும் எழுதி வெளியிட்டார்கள். தவறு செய்தவரின் பெயர் அதில் இல்லை. எந்த ஏற்பாடு தவறியது, இனி எப்படித் தடுப்பது என்பதே பேச்சாக இருந்தது. தவறு நடந்தால் முதலில் நம் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும் இடங்களில் படித்து வளர்ந்தவர்கள் நாம். தவறை மறைக்காமல் சொல்வதும், சொன்னவரைத் தண்டிக்காமல் ஏற்பாட்டைத் திருத்துவதும் ஒரு தொழில் ஒழுக்கமாகவே இருக்க முடியும் என்பதை இங்கே பார்க்கிறோம். எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. ஆனால் அதைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு.

இதில் இன்னொரு பாடம்: நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் கணக்கு. ஜாதிச் சான்றிதழ், பட்டா நகல் வைத்திருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

எங்கே தொடங்குவது?

2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியது வீட்டில் அட்டைப்பெட்டியில் கிடக்கலாம். அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகளில் பாஸ் என்ற லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. நம்மில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பேட்டரி போயிருந்தாலும் மின்சாரத்தில் ஓடினால் போதும். டெபியன் போன்ற லினக்ஸை இலவசமாக இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். திரைப் படங்கள் இல்லாத சர்வர் அமைப்பு பழைய இயந்திரத்திலும் ஓடும். மடிக்கணினியே இல்லையா? ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் லினக்ஸ் கட்டளைகளையும் கிட்டையும் அதிலேயே பழகலாம். எங்கள் இரவுப் பள்ளியில் இரண்டு பெண்கள் அப்படித்தான் தொடங்கினார்கள்.

முதல் மாதம் கட்டளைகள்: கோப்புறைக்குள் போவது, கோப்பை நகலெடுப்பது, அனுமதி மாற்றுவது, இடம் பார்ப்பது, லாக் படிப்பது. ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் என்று பயப்படாதீர்கள். அன்றாடம் புழங்குவது முப்பது சொல்லுக்குள்தான். பிழைச் செய்தி வந்தால் திரையை மூடாமல் ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். பெரும்பாலும் காரணம் அதிலேயே எழுதியிருக்கும்.

இரண்டாம் மாதம் கிட். உங்கள் பாடக்குறிப்பையே கோப்பாக வைத்து, தினமும் ஒரு கமிட் செய்யுங்கள். மூன்றாம் மாதம் இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றைச் சர்வராக்குங்கள். எஸ்எஸ்எச் சாவி செய்து உள்ளே நுழையுங்கள். சின்ன இணையப் பக்கம் ஒன்றை ஏற்றுங்கள். தினமும் இரவு தானாக நகல் எடுக்கக் கிரான் ஏற்பாடு செய்யுங்கள். பிறகு வேண்டுமென்றே அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் 'என்ன தெரியும்' என்று கேட்டால் இந்தக் கடைசி வேலையைச் சொல்லுங்கள். செய்தவர்தான் அதை விவரமாகச் சொல்ல முடியும்.

தமிழில் படிக்க, கணியம் வெளியிடும் 'எளிய தமிழில்' நூல்கள் இலவசம். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் உள்ளன. ஆங்கிலத்தில் ப்ரோ கிட் என்ற முழு நூலும் இணையத்தில் இலவசம். கட்டற்ற மென்பொருள் குழுக்கள் விழுப்புரம், காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இயங்குகின்றன. போய் உட்கார்ந்து கேட்கலாம். தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் திறன் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, லினக்ஸ் சர்வர் பயிற்சி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால்தான் வரும்.

மூன்று எச்சரிக்கை. வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லிப் பெரிய கட்டணம் கேட்கும் நிலையங்களுக்காக அம்மாவின் தோட்டை அடகு வைக்காதீர்கள். முதல் மூன்று மாதப் பாடத்துக்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. இரண்டாவது, கடவுச்சொல்லைக் கிட்டில் பதியாதீர்கள். பிறகு கோப்பை நீக்கினாலும் வரலாற்றில் அது இருக்கும். மூன்றாவது, மக்களின் ஆதார் எண், சாதி, நில விவரம் உள்ள பட்டியலை எல்லோரும் பார்க்கும் பொதுத்தளத்தில் ஏற்றாதீர்கள். அதனால்தான் நாங்கள் எங்கள் பட்டியலுக்குச் சொந்தமாக ஒரு பழைய மடிக்கணினியைச் சர்வராக்கினோம்.

பெயர் நிற்கும் வேலை

மனுவைத் திருத்தி மறுபடி கொடுத்தோம். நிலம் இன்னும் வரவில்லை. அது வேறு போராட்டம். கணினி அதை முடித்து வைக்காது. ஆனால் எந்த நாளில் எந்தப் பட்டியலைக் கொடுத்தீர்கள் என்று இப்போது யார் கேட்டாலும் எங்களிடம் பதில் இருக்கிறது. அந்தப் பாட்டியின் குடும்பத்தைத் திரும்பச் சேர்த்த கமிட், பிளஸ் டூ படிக்கும் அவருடைய பேத்தி செய்தது. குறிப்பு வரியில் "எங்க ஆயா பேரு விட்டுப்போச்சு, சேர்த்துட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். மேலே அவள் பெயர், நாள், நேரம்.

நம் முன்னோர் வெட்டிய வாய்க்காலிலும் காத்த கரையிலும் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. இந்தப் பெண் செய்த வேலைக்குக் கீழே அவள் பெயர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் எங்கள் இரவுப் பள்ளியில் இப்போது அவள்தான் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள். உங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் ஒரு பழைய மடிக்கணினி கிடந்தால், அதைத் துடைத்துத் திறந்து பாருங்கள்.